இரவு எண்ணிக்கை

பத்து மணிக்கு எண்ணுவேன்.
அப்புறம் ஒரு மணிக்கு, நாலு மணிக்கு.
பதினேழு கட்டில், பதினேழு தலை.
ஹாஃபிஸ் போர்வைக்குள் முழுதாய்ப் புதைந்திருப்பான்,
கால்விரலைக் கணக்கில் சேர்த்துக்கொள்வேன்.
ஆ ஹோங் தூங்குவதே இல்லை.
நான் எண்ண எண்ண அவனும் என்னை எண்ணுவான்,
மலாயில், ஒரே ஒரு எண்.

லங்காப் பட்டணம் முடிந்து
செம்பனை தொடங்கும் இடத்தில் விடுதி.
காற்று திரும்பினால்
ஆலையில் வேகும் பழத்தின் புளித்த வாடை
போர்வையில் ஏறும், சோற்றில் ஏறும்.
வெள்ளிக்கிழமைகளில் முனியாண்டி கோயில் ஒலிபெருக்கி
அனுமதிக் கடிதம் இல்லாமலே
வேலியைத் தாண்டி வரும்.

கோப்புகளை நான் படிப்பதில்லை.
படித்தால் மறுநாள்
எவனோ ஒருவன் தட்டில் குழம்பு குறையும் என்று
முன்பிருந்த வார்டன் சொல்லிவிட்டுப் போனார்.

யுகேந்திரனின் கோப்பு
அலமாரி ஒழுகியதால் திறந்தது.
தாள்களைத் தரையில் பரப்பி
காற்றாடிக்குக் கீழே காயவைத்தேன்.
வயது பதினாறு.
தாய்: துப்புரவுப் பணி, ஈப்போ.
தகப்பன் என்ற கட்டத்தில் ஒரு கோடு.
அளவுகோல் வைத்தே போட்டிருந்தார் எழுத்தர்.
திருடிய மோட்டார்கள் நான்கு.
மூன்றாவது ஏசிகே 7730.

என் மோட்டார்.

எட்டு மாதம் பஸ்ஸில் வந்தேன்.
கடைசி பஸ்ஸை விட்ட இரவுகளில்
ஆலை லாரியை மறித்து
குலைகளுக்கு நடுவே முள் குத்த உட்கார்ந்து வந்தேன்.
மனைவிக்கு வலி எடுத்த இரவு
தெலுக் இந்தான் ஆஸ்பத்திரிக்கு நான் போய்ச் சேர்ந்தபோது
என் மகளுக்கு வயது ஆறு மணி நேரம்.

மறுநாள் அவனுக்கு ஊற்றிய கரண்டியில்
மீன் துண்டு இல்லை.
தட்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்,
வரிசையை விட்டு நகர்ந்தான்.
இரண்டு வாரம் அப்படித்தான்.
கைதான் செய்தது என்று
கையின் மேல் பழி போட்டுக்கொண்டேன்.

அவனோ மாலையில்
வேலிக்கு வெளியே நான் வந்து நிற்கும்
சத்தத்தை வைத்தே சொல்வான்:
"செயின் லூசு, அண்ணே. இப்படியே ஓட்டாதீங்க."
இறுக்கினேன்.
மறுநாள், "இப்ப பரவாயில்ல லா" என்றான்.
அன்றைக்கு மீன் விழுந்தது.
வால் பக்கம்.

நேற்று ஒரு மணி.
ஒன்பதாவது கட்டிலில் உட்கார்ந்திருந்தான்.
மடியில் சோப்புப் பெட்டி,
மூடியில் நான் எழுதித் தந்த அவன் பெயர்.
"யு எழுதினா ரொம்ப வால் நீட்டுறீங்க, அண்ணே."
"படு."
"அந்த மோட்டார் சீட்டுக்கு அடியிலயும்
ஒரு பேப்பர் இருந்துச்சு.
பேரா எழுதி.
ஆண் எட்டு, பெண் பதினொண்ணு.
அங்கயும் யு அப்படித்தான்."

காற்றாடி ஒரு சுற்று சுற்றியது.
ஆ ஹோங் கண்ணை மூடிக்கொண்டான், முதன்முறையாக.

"எப்போ தெரியும்?"
"பெட்டி குடுத்த அன்னிக்கே."
அப்படியென்றால்
மீன் இல்லாத இரண்டு வாரமும்
அவனுக்குத் தெரிந்தே கழிந்திருக்கிறது.

மன்னிப்புக் கேட்பான் என்று நின்றேன்.
நான் கேட்க வேண்டுமோ என்றும் நின்றேன்.

"கடைசில என்ன பேரு வச்சீங்க?"
"கயல்மதி."
விரல் விட்டுப் பார்த்தான்.
"லிஸ்ட்ல அது இல்லையே."
"லிஸ்ட்தான் போச்சே."

தலையாட்டினான், நியாயம் என்பதுபோல்.
படுத்துச் சுவர் பக்கம் திரும்பிய பிறகு,
"பெண்ல ஆறாவது நல்ல பேரு, அண்ணே" என்றான்.

ஆறாவது என்னவென்று எனக்கு நினைவில்லை.
அவனுக்கு இருக்கிறது.
எந்த எண்ணில் விட்டேன் என்பதும் மறந்துபோக
கதவுக்குத் திரும்பி
முதல் கட்டிலில் இருந்து மறுபடி தொடங்கினேன்.